சீல் பிரிக்காத பெட்டி

காலத் தூக்கிக்கிடுங்க அண்ணாச்சி. தண்ணி இந்தப் பக்கமாத்தான் வருது பாருங்க. பச்சப்பிள்ளை, பஸ்ல வந்தா கக்கத்தான் செய்யும், அதக் குத்தம் சொல்லல. இந்தக் கண்டக்டரத்தான் சொல்லுதேன். ஒரு பாட்டில் தண்ணிய மேல கவுத்தா என்ன ஆகும்? ஒரு சீட்டுக்குக் கீழ கிடந்தது ஏழு சீட்டுக்கு ஓடும். முதல்ல பேப்பரப் போட்டு மூடணும். பொறவு மருந்த ஓரத்துல இருந்து நடுவுக்கு ஊத்தணும். நடுவுல ஊத்தினா வெளிய பரத்திரும். அரை மணி நேரம் ஊறணும். பொறவுதான் அள்ளணும். நீங்க கேக்கலாம், அப்போ எந்திரிச்சுப் போயி அவர்ட்ட சொல்ல வேண்டியதுதானன்னு. சொன்னா நம்மள ஏற இறங்கப் பாப்பாரு. அதான் சொல்லல.

இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்கியளா. எம்பேரு ஆவுடையப்பன். இருபத்தாறு வருஷ சர்வீஸு. திருநெல்வேலில ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம், அங்க கிருமி பாக்குற லேப்ல சீனியர் டெக்னீஷியன். சளி, சீழு, ரத்தம், எல்லாம் நம்ம கையத் தாண்டித்தான் போணும். அதுக்கு மேல ஆறு வருஷமா பாதுகாப்புப் பொறுப்பாளர்னு ஒரு பதவி. லேப்ல ஏதாவது சிந்துனா, கொட்டுனா, உடைஞ்சா, அத எப்படிச் சுத்தம் பண்ணணும்னு எல்லாருக்கும் சொல்லிக்குடுக்குறது நான்தான். சட்டைல குத்திக்கிட ஒரு பேட்ஜு கூட உண்டு, மஞ்சக் கலரு. இன்னிக்குக் குத்தல. விசாரணைக்குப் போறேம்லா, கெத்து காட்டுதான்னு நெனச்சிருவாவ.

ஆமா, விசாரணைதான். பதினோரு மணிக்கு. என் மேலயா? நல்லா கேட்டிய போங்க. நான் எழுதிக் குடுத்த புகாரு. எங்க லேப்ல கூட்டித் துடைக்குற ஒருத்தி, இசக்கியம்மான்னு பேரு, காண்ட்ராக்ட்ல வேலை பாக்கா. அவ மேல. இன்னிக்கு நான் போயி ஒரு வார்த்தை சொன்னா அவ வேலை போயிரும். இன்னொரு வார்த்தை சொன்னா நிக்கும். எல்லாம் என் வாயிலதான் இருக்கு. நாலு மாசமா அவள வீட்டுக்கு அனுப்பி வச்சிருக்கு, பீடி சுத்திக்கிட்டு இருக்காளாம். பாவந்தான். பாவம் பாத்தா பாதுகாப்பு என்னத்துக்கு ஆகுறது?

பெட்டியப் பத்திச் சொல்லாம உங்களுக்கு இது வெளங்காது. ஸ்பில் கிட்னு சொல்லுவாவ. கிருமி கொட்டிட்டா சட்டுனு எடுத்துச் சுத்தம் பண்ணுறதுக்குன்னு ஒரு பெட்டி. உள்ள கையுறை, மாஸ்க்கு, கண்ணுக்குக் கண்ணாடி, உறிஞ்சுற துணி, உடைஞ்ச சில்ல எடுக்க இடுக்கி, பிளீச்சிங் மருந்து ஒரு பாட்டிலு, 'உள்ளே வராதே'ன்னு ஒரு போர்டு. எங்க லேப்ல அத அடுக்குனது நான். சிவப்புப் பெட்டி. அடுக்கி மூடி, சுத்தி அஞ்சு சுத்து டேப்பு ஒட்டி, டேப்பு மேல என் கையெழுத்தப் போட்டு, வராண்டால இருக்க இரும்பு பீரோல வச்சுப் பூட்டி, சாவி நம்ம கையில. தரச் சான்றிதழ் குடுக்குறதுக்கு வெளியூர்ல இருந்து ஒரு குழு வரும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ. வந்த உடனே ஸ்பில் கிட் எங்கன்னுதான் கேப்பாவ. நான் பீரோவத் தொறந்து காட்டுவேன். கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கும் அண்ணாச்சி. ரெண்டு தடவயும் வெளிய இருந்தே பாத்துட்டு நல்லதுன்னு எழுதிட்டுப் போனாவ. ஒருத்தரும் பிரிக்கச் சொல்லல, படிச்சவங்கள்லா.

ஆயுத பூஜைக்கு மைக்ராஸ்கோப்புக்கு, அவிக்கிற ஆட்டோகிளேவுக்கு எல்லாம் பொட்டு வைப்போம். பெட்டிக்கும் வைப்போம். ஆறு பூஜை சந்தனம் ஒண்ணு மேல ஒண்ணா காஞ்சு கிடக்கும். ஆறு வருஷத்துல ஒரு நாள் அதத் தொறக்குற அவசியம் வரல. அப்போ லேப்ல எதுவும் சிந்தவே இல்லையான்னா, அதெல்லாம் சிந்தும். வாரத்துக்கு ரெண்டு மூணு சிந்தும். சிந்தினா இசக்கி இருக்கா, துடைப்பா. அதுக்குப் போயி யாராவது பெட்டியத் தொறப்பாங்களா?

மாசத்துல முதல் சனிக்கிழமை வகுப்பு எடுப்பேன். சாக்பீஸால தரையில ஒரு வட்டம் போட்டு, இதான் கொட்டிக் கிடக்குதுன்னு வச்சுக்கிடுங்க, இப்ப என்ன செய்வியன்னு கேப்பேன். எல்லாரும் வட்டத்தச் சுத்தி நிப்பாவ. பன்னெண்டு விதி. லேமினேட் பண்ணி சுவத்துல மாட்டியிருக்கேன், ஒண்ணு விடாம ஒப்பிக்கணும். சாதாரணக் கிருமின்னா ஒரு முறை, டி.பி. கிருமின்னா வேற முறை. டி.பி. காத்துல பரவுறதுலா? கொட்டுனா அடுத்த நிமிஷம் எல்லாரும் வெளிய. கதவச் சாத்தி, அரை மணி நேரம் ஒரு ஈ காக்கா உள்ள போகக் கூடாது. காத்துல மிதக்கிறது அடங்கணும். அது அடங்குன பொறவுதான் முகத்துக்கு நல்ல மாஸ்க்கா போட்டு உள்ள போயி, மூடி, மருந்து ஊத்தி, திரும்ப அரை மணி ஊற விடணும். மருந்தும் அன்னன்னிக்குக் கலக்குனதா இருக்கணும். நாள்பட்ட பிளீச்சிங் தண்ணியும் குழாத் தண்ணியும் ஒண்ணுதான். இத நான் சொல்லிக்குடுத்தது. மறந்துராதிய, நான் சொல்லிக்குடுத்தது.

இந்த இசக்கி இருக்காள, அஞ்சாப்பு வரைக்கும்தான் படிச்சிருக்கா. வகுப்புல ஆகக் கடைசில, வாசல் பக்கம் மாப்பு கம்பப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. அவள யாரும் கூப்பிடல, தானா வந்து நிப்பா. ஒரு நாள் கேக்கா, "சார், மருந்து அன்னன்னிக்குக் கலக்கணும்னு சொல்லுதிய. அப்போ பெட்டிக்குள்ள இருக்கது என்னிக்குக் கலக்குனது?" எல்லாரும் சிரிச்சிட்டாவ. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. "பெட்டிக்குள்ள இருக்கது உனக்கு எதுக்கு, நீ போயி படியத் துடை"ன்னுட்டேன். படியத் துடைக்கத்தான் போனா. ஆனா கேட்டது கேட்டதுதான, அந்தத் திமிரத்தான் சொல்லுதேன்.

அது மட்டுமா. கக்கூஸ் கதவுக்குப் பின்னால ஒரு பழைய பெயிண்ட் வாளி வச்சிருந்தா. அதுக்குள்ள பிளீச்சிங் பவுடரு, பழைய பேப்பர் ஒரு கட்டு, கிழிஞ்ச ஆஸ்பத்திரி பெட்ஷீட்டு, அவ வீட்டு அடுப்படி இடுக்கி ஒண்ணு. டி.பி. வார்டு நர்சுங்ககிட்ட கேட்டு வாங்குன கனமான மாஸ்க்கு ரெண்டு. வாளி மேல ஒரு பிளாஸ்டர ஒட்டி, தினமும் காலைல கலக்கி, அன்னிக்குத் தேதிய எழுதுவா. பாக்கவே அசிங்கமா இருக்கும். குழு வருதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு அத எடுத்து ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால கொண்டு போட்டேன். மறுநாள் பாக்கேன், பழைய இடத்துலயே இருக்கு. சொல்லுக்கு மதிப்பு அவ்வளவுதான்.

இப்ப அந்த நாளுக்கு வாரேன். மாசி மாசம், செவ்வாக்கிழமை. காலைல பத்து மணிக்குக் குழு வாறாவ. டாக்டரம்மா மங்களேஸ்வரிதான் எங்க துறைத் தலைவரு. அவிய கீழ வரவேற்க நிக்காவ. நான் மேல டி.பி. ரூம்ல கடைசியா ஒரு ஒழுங்கு பண்ணிக்கிட்டு இருக்கேன். கூட ரெபேக்கான்னு ஒரு பயிற்சிப் பிள்ளை. கிருமி வளக்குற ட்யூபு இருக்குலா, அத பாதுகாப்பு அலமாரிக்குள்ளதான் வைக்கணும். அதுக்குள்ள இருந்தா வாறவங்க கண்ணுக்குத் தெரியாதுன்னு வெளிய எடுத்து ஸ்டாண்டுல உயரவாரியா அடுக்கச் சொன்னேன். அவ, "சார், வெளிய எடுக்கக் கூடாதுலா, மூணாவது விதி"ங்கா. "விதி எழுதுனது யாரு"ன்னேன். பொறவு அடுக்குனா. நான் பக்கத்துல நின்னு, இது கொஞ்சம் இடப்பக்கம், அது கொஞ்சம் வலப்பக்கம்னு காட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு ட்யூபு விழுந்துட்டு. யாரு தட்டுனது என்னங்குறதெல்லாம் இப்ப எதுக்கு. என் முழங்கை அந்தப் பக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான். சின்ன ரூமு.

விழுந்து நொறுங்கிட்டு. நல்லா வளந்த கிருமி, தண்ணியா கிடக்கு. மேல ஃபேன் ஓடுது. ரெபேக்கா அப்படியே விறைச்சுப் போயி நிக்கா. எனக்கு முதல்ல என்ன தோணிச்சுன்னா, இன்னும் பத்து நிமிஷத்துல ஆளுங்க மேல வந்துருவாவ. அதனால மேஜை துடைக்குற துணிய எடுத்து, குத்த வச்சு உக்காந்து, துடைக்க ஆரம்பிச்சேன். கொஞ்சம் ஒட்டுச்சு, குழாத் தண்ணி தெளிச்சுத் துடைச்சேன். யாராயிருந்தாலும் அதத்தான் செய்வாவ. ஆஸ்பத்திரி மானம்லா முக்கியம்.

சத்தம் கேட்டு இசக்கி வந்தா. வாசல்ல நின்னு ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான். முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு ஃபேன அணைச்சா. ரெபேக்காவத் தோளப் பிடிச்சு வெளிய தள்ளுனா. பொறவு வந்து என் சட்டைக் காலரப் பிடிச்சா அண்ணாச்சி. காலர. "எந்திரிங்க சார், எந்திரிங்க"ன்னு ஒரு இழுப்பு. இருபத்தாறு வருஷ சர்வீஸு, ஒரு துப்புரவுக்காரி காலரப் பிடிச்சு இழுத்து வராண்டால விடுதா. கதவச் சாத்தி, முதுகச் சாய்ச்சு நின்னுக்கிட்டா. "கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க, லேப் கோட்டக் கழட்டுங்க. அரை மணி நேரம் ஒருத்தரும் உள்ள போகக் கூடாது சார்"ங்கா. எனக்குச் சொல்லுதா. நான் எழுதுன விதிய எனக்குச் சொல்லுதா.

"பெட்டியத் தாங்க"ன்னு கேட்டா. சாவியத் தேடுதேன், காணல. அன்னிக்கு விசேஷமான நாளுன்னு புதுப் பேண்ட்டு போட்டுட்டு வந்துட்டேன், சாவி வீட்ல பழைய பேண்ட்டுல. "போயி எடுத்துட்டு வாரேன், கொஞ்சம் பொறு"ன்னேன். வீடு பெருமாள்புரத்துல, போயிட்டு வர முக்கால் மணி நேரம். அவ கேக்கல. ரெபேக்காவக் கதவுக்குக் காவல் நிறுத்திட்டு, சுவத்துல மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டர எடுத்து பீரோப் பூட்டுல ஒரே போடு போட்டா. பூட்டு தெறிச்சிட்டு. என் கண் முன்னாலயே டேப்ப அறுக்கா. அஞ்சு சுத்தையும். என் கையெழுத்துக்கு மேல கத்திரிய விடுதா. சந்தனம் பொடிப் பொடியா உதிருது.

உள்ள இருந்தது எப்படி இருந்துச்சுன்னு கேக்கியளா. கையுறை ஒண்ணோடொண்ணு ஒட்டிப் போயி, இழுத்தா பிஞ்சு கையோட வருது. மாஸ்க்கு நாடா மக்கிட்டு. பிளீச்சிங் பாட்டிலு மூடியத் தொறந்து மோந்து பாத்தா. "வாசமே இல்ல சார், வெறும் தண்ணி"ன்னு என்கிட்ட நீட்டுதா. நாலு வருஷத்துக்கு முன்னாடியே காலாவதி. இப்ப நீங்க நியாயத்தச் சொல்லுங்க. அவ தொறக்காம இருந்திருந்தா அது காலாவதின்னு யாருக்காவது தெரிஞ்சிருக்குமா? ஆறு வருஷமா ஒரு குறையும் இல்லாம இருந்த பெட்டி. அவ கை பட்டதும் கெட்டுப் போச்சு. புகார்ல இத முதல் பாயிண்டா எழுதியிருக்கேன்.

பொறவு அவ கக்கூஸுக்குப் போயி அந்த வாளியத் தூக்கிட்டு வந்தா. வந்து திரும்பக் கதவுல சாய்ஞ்சு நின்னுக்கிட்டா. வராண்டா கடியாரத்தப் பாத்துக்கிட்டே நிக்கா. நான் சொல்லிப் பாத்தேன். "ஏ இசக்கி, வாறாவ, உள்ள போயி தொடச்சுட்டு வந்துரு, யாருக்குத் தெரியப் போகுது." "இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு சார்." "நான் சொல்லுதேன், போ." "நீங்கதான சார் சொல்லிக்குடுத்திய." என்ன பேச்சு பாருங்க. கதவ நான் தொறக்கப் போனா, கைய நீட்டி மறிக்கா. நானும் கத்துதேன். கொஞ்சம் கெட்ட வார்த்தையும் வந்துட்டுன்னு வைங்க. அந்த நேரம் பாத்து மாடிப்படி ஏறி குழு வந்து நிக்கி. மூணு பேரு, கூட டாக்டரம்மா.

எல்லாரும் பாக்காவ. பீரோப் பூட்டு உடைஞ்சு கிடக்கு. பெட்டி பிரிஞ்சு கிடக்கு. நான் கத்திக்கிட்டு நிக்கேன், அவ மறிச்சுக்கிட்டு நிக்கா. எனக்குன்னு அந்த நேரத்துல மூளை எப்படி வேலை செஞ்சுது தெரியுமா. சட்டுனு சிரிச்ச முகமா, "வாங்க சார், மாக் டிரில் நடந்துக்கிட்டு இருக்கு"ன்னுட்டேன். ஒத்திகை. கிருமி கொட்டுனா எங்க ஆளுங்க என்ன செய்வாங்கன்னு ஒரு ஒத்திகை. அந்தக் குழுவுல பெரியவரு ஒருத்தரு, வெள்ளை மீசை, பூரிச்சுப் போயிட்டாரு. "நாங்க கேக்குறதுக்கு முன்னாடியே செஞ்சு காட்டுதியளா"ன்னு சொல்லிட்டு, உள்ள பாக்கணும்னு நேரா கதவுப் பிடியில கைய வச்சாரு.

இசக்கி நகரல. "உள்ள நிஜம் சார். போகாதிய"ங்கா. நான் சிரிச்சுக்கிட்டே, "அப்படித்தான் சொல்லணும்னு சொல்லிக்குடுத்திருக்கேன் சார்"னேன். அவரு இன்னும் சந்தோசமாகி, "எவ்வளவு பெரிய ஆளு வந்தாலும் விடக் கூடாது, அதான் சரி"ன்னு கைய எடுத்துட்டாரு. பாத்தியளா, நான் சொன்னதாலதான் அவரு உள்ள போகல. இத யாரும் எண்ணிப் பாக்க மாட்டேங்காவ. டாக்டரம்மா மட்டும் நான் கழட்டித் தரையில போட்டிருந்த கோட்ட ஒரு தடவ பாத்தாவ, என்னைய ஒரு தடவ பாத்தாவ.

பொறவு என்ன. அரை மணி முடிஞ்சுது. இசக்கி மாஸ்க்கப் போட்டா, ரெண்டு கையுறை ஒண்ணு மேல ஒண்ணா போட்டா, அதையும் வார்டுல இருந்து வாங்கிட்டு வரச் சொல்லியிருந்தா. கதவுல இருக்க கண்ணாடி வழியா எல்லாரும் எட்டிப் பாக்கோம். பேப்பர விரிச்சு மூடுதா. ஓரத்துல இருந்து சுத்திச் சுத்தி மருந்த ஊத்துதா. நான் துடைச்ச துணியையும் இடுக்கியால எடுத்து வாளில முக்குதா. வெளிய வந்து திரும்ப அரை மணி கடியாரம் பாக்கா. பொறவு போயி சில்ல ஒவ்வொண்ணா இடுக்கியால எடுக்கா, அள்ளி ஆஸ்பத்திரிக் கழிவு போடுற மஞ்சப் பையில கட்டுதா, தரைய இன்னொரு தடவ துடைக்கா. அந்த வெள்ளை மீசைக்காரரு நோட்டுல எழுதிக்கிட்டே இருக்காரு. முடிஞ்சதும் கை தட்டுனாரு. வராண்டால நின்ன நர்சுங்க எல்லாம் கை தட்டுதாவ. நானும் தட்டுனேன். தட்டாம என்ன செய்ய.

ஒரு வாரத்துல அறிக்கை வந்துச்சு. அதுல என்ன எழுதியிருக்குன்னா, 'பாதுகாப்புப் பொறுப்பாளர் திருமதி இசக்கியம்மாள் ஒத்திகையை மிகச் சிறப்பாக நடத்தினார்.' பொறுப்பாளர் அவளாம். அடுத்த வரி: 'விதிகளை மீறும் ஊழியராக நடித்தவர் மிக இயல்பாகச் செய்தார்.' அது நான். கடைசில, 'பெட்டியில் இருந்த பொருட்கள் அனைத்தும் காலாவதி.' இத நோட்டீஸ் போர்டுல வேற ஒட்டி வச்சிட்டானுவ. கேண்டீன்ல டீக் குடிக்கப் போனா, "என்ன ஆவுடையப்பன், அடுத்த நாடகம் எப்போ"ன்னு கேக்கானுவ. எப்படிச் சோறு இறங்கும் சொல்லுங்க. அன்னிக்கே உக்காந்து புகார் எழுதிட்டேன். ஆஸ்பத்திரிப் பூட்ட உடைச்சா, சீலப் பிரிச்சா, மூத்த ஊழியரக் காலரப் பிடிச்சா, வெறும் ஒத்திகைக்கு. வெறும் ஒத்திகைக்கு இவ்வளவு அட்டூழியம். காண்ட்ராக்ட்காரன் மறுநாளே அவள நிறுத்திட்டான்.

டாக்டரம்மா என்னைய ரூமுக்குக் கூப்பிட்டாவ. "ஆவுடையப்பன், அன்னிக்கு நடந்தது நிஜமா, ஒத்திகையா?" நான், "ஒத்திகை மேடம்." "ஒரு டி.பி. ட்யூப் கணக்குல வரலையே?" "அது கெட்டுப் போச்சு மேடம், பதிவேட்டுல எழுதியிருக்கேன்." எழுதித்தான் இருந்தேன். அந்த ட்யூபுக்குச் சளி குடுத்த நோயாளியக் கூப்பிட்டு திரும்ப சளி வாங்கியாச்சு. கடையநல்லூர்ல இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்து குடுத்துட்டுப் போனாரு, நல்ல மனுசன். டாக்டரம்மா ஒரு பாரத்த எடுத்து மேஜைல வச்சாவ. கிருமி கொட்டுன ரூம்ல இருந்தவங்க எழுதிக் கையெழுத்துப் போடுற பாரம். போட்டா உடனே ஒரு எக்ஸ்ரே, மூணு மாசம் கழிச்சு ஒரு எக்ஸ்ரே, எல்லாம் ஆஸ்பத்திரியே பாத்துக்கிடும். அதுல ஏற்கனவே ரெபேக்கா கையெழுத்துப் போட்டிருக்கா, இசக்கி போட்டிருக்கா. மூணாவதா என் பேர இசக்கியே கோணக் கோணையா எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு வச்சிருக்கா.

"இதுல போடுங்க. நிஜம்னு ஆயிரும். நிஜம்னா அவ பூட்ட உடைச்சது குத்தமில்ல, கடமை. அவளுக்கு வேலை கெடைக்கும், உங்களுக்கு வைத்தியம் கெடைக்கும். ரெபேக்கா ஒருத்தி சொன்னா பயிற்சிப் பிள்ளை ஏதோ சொல்லுதுன்னு தள்ளிருவாங்க, நீங்க சொல்லணும்"னாவ. ரெபேக்காவும் அடுத்த மாசமே ஓசூர்ல வேலை கெடச்சுப் போயிட்டா. எனக்குத் தெரியாதா அண்ணாச்சி, இது என்ன வலைன்னு. போட்டா, குழுகிட்ட பொய் சொன்னேன்னு ஆகும். அலமாரிக்குள்ள இருக்க வேண்டியத வெளிய எடுக்கச் சொன்னேன்னு ஆகும். என் முழங்கை வரைக்கும் வந்து நிக்கும். போடல. அதுக்கு எனக்குக் கெடச்ச பரிசு, விசாரணை முடியுற வரைக்கும் சங்கரன்கோவில்ல ரத்தம் சளி வாங்குற சென்டருக்கு மாத்திட்டாவ. இருபத்தாறு வருஷத்துக்கு ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு நாற்காலி.

அங்க நான் படுற பாட்டச் சொன்னா கேக்க மாட்டிய. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கிடவே இல்ல. இந்தா, இந்த பேண்ட்டப் பாருங்க, மாசில எடுத்தது, இப்ப பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கேன். மூணு வாரமா சாயங்காலம் ஆனா மேலு லேசா காயுது, அது அந்த ஊரு வெயிலு. ராத்திரி பனியன் நனையுற அளவுக்கு வேர்வை. ஃபேன் சரியில்ல. இருமலு இந்த ஒரு மாசமாத்தான், ரோடு போடுதானுவ, தூசி. சென்டர் வாசல்ல நானே ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கேன், 'ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா, உடனே சளிப் பரிசோதனை செய்யுங்கள்'னு. எழுத்து அவ்வளவு அழகா வந்திருக்கு. வாறவங்களுக்கெல்லாம் டப்பாவக் குடுத்து, ஆழமா இருமி எடுங்கன்னு விளக்கமா சொல்லுவேன். சொல்லிக்குடுக்குறதுல என்னைய அடிச்சுக்கிட ஆளு கிடையாது.

நானும் ஒரு டப்பா குடுக்கலாம்தான். ஆனா டப்பா மேல பேரு எழுதணும்லா. ஆவுடையப்பன்னு எழுதி அந்த லேபுக்கே போனா என்ன ஆகும்? "பாத்தியா, நிஜந்தான்"னு சொல்லிருவாவ. இன்னிக்கு விசாரணை வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா போதும். ஒத்திகை, ஒத்திகை, ஒத்திகை. மூணு தடவ கேட்டாலும் அதான் பதிலு. எழுதி வேற வச்சிருக்கேன்.

ஆனா அவ சாமர்த்தியத்தக் கேளுங்க. நேத்து மத்தியானம் போன் பண்ணுதா. நான் எடுத்திருக்கக் கூடாது, தெரியாத நம்பர்னு எடுத்துட்டேன். காலப் பிடிக்கப் போறான்னு நெனச்சேன். வேலை போயிரும் சார், பிள்ளைகளப் பாருங்க சார்னு அழுவான்னு நெனச்சேன். அதுக்குப் பதிலும் தயாரா வச்சிருந்தேன். அவ என்ன சொல்லுதா, "சார், சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு, நீங்க மெலிஞ்சிட்டியன்னு சொன்னாரு. இருமுதியளாமே. நாளைக்கு நீங்க ஒத்திகைன்னே சொல்லிக்கிடுங்க. நானும் ஆமா ஒத்திகைதான்னு சொல்லிட்டுப் போறேன். வேலை போனா போகுது, பீடி சுத்திக்கிடுவேன். எக்ஸ்ரே மட்டும் எடுத்துருங்க சார். அன்னிக்கு ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு, நீங்க அதுக்கு நேர கீழ குத்த வச்சு இருந்திய. நான் வர ரெண்டு நிமிஷம் லேட்டாயிட்டு. அதான் மனசு கேக்கல." எவ்வளவு தந்திரம் பாருங்க. நம்மள எக்ஸ்ரே எடுக்க வச்சு, அந்தப் படத்தையே சாட்சியாக் காட்டலாம்னு பாக்கா. நான் விடுவேனா, பட்டுனு கட் பண்ணிட்டேன். கட் பண்ணிட்டு ஒரு மணி நேரம் சும்மாவே உக்காந்திருந்தேன். எதுக்குன்னு தெரியல, சோறு வேண்டாம்னு இருந்துச்சு.

அவ சொன்னா சொல்லட்டும். நானும் சொல்லத்தான் போறேன். மானூர் தாண்டிட்டோம், இன்னும் அரை மணி நேரம்தான். கொஞ்சம் இருங்க, இந்த இருமல்... ம். போச்சு. பேசுனா இப்படித்தான் வரும், தொண்டை காய்ஞ்சிருது.

என்ன அண்ணாச்சி, எந்திரிச்சிட்டிய? இறங்கவா? நீங்க டவுனுக்கு டிக்கெட் எடுத்ததா சொன்னிய. பின்னால எங்க போறிய, அங்க ஒரு சீட்டும் காலியில்லையே. நின்னுக்கிட்டா வருவிய? கர்ச்சீப்ப ஏன் மூக்குல கட்டுதிய? அட உக்காருங்க அண்ணாச்சி, நான்தான் ஒத்திகைன்னு சொல்லுதேம்லா.